நூறு வருடத் தரவு இருந்தால் சராசரி நிலைத்துவிடுமா? நைல் நதியை வைத்து ஒரு விவாதம்

புள்ளிக்கோலம்:
எங்கள் துறையில் ஒரு சண்டை ஓடுகிறது, அதை இங்கே கொண்டுவருகிறேன். எகிப்தின் அஸ்வானில் அளந்த நைல் நதியின் ஆண்டு நீர்வரத்து, 1871 முதல் 1970 வரை நூறு எண்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறந்தாலே கையோடு கிடைக்கும் தரவு. அலகு பத்துக் கோடி கன மீட்டர். சராசரி 919, எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் 169. நூறின் வர்க்கமூலம் பத்து, ஆக சராசரியின் திட்டப்பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு, 17. இந்தப் பக்கம் இரண்டு மடங்கு, அந்தப் பக்கம் இரண்டு மடங்கு எடுத்தால் உண்மையான சராசரி 885க்கும் 953க்கும் நடுவே இருக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னேன். அந்த 17 என்ற எண்ணே தப்பு என்கிறார் சக ஆசிரியர். என் நிலைப்பாடு இதுதான்: பேரெண் விதி இருக்கிறது, மாதிரி கூடக் கூட சராசரியின் வேரியன்ஸ் (திட்டப்பிழையின் வர்க்கம்) சுருங்கும், நூறு வருடம் தாராளம். தப்பென்றால் எந்த வரியில் தப்பு என்று காட்டுங்கள்.

மணல்மேடு:
வர்க்கமூலம் எடுத்த வரியில்தான். திட்ட விலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுக்கலாம் என்பது எண்கள் ஒன்றையொன்று சாராதபோது மட்டும் செல்லும். கூட்டுத்தொகையின் வேரியன்ஸை விரித்து எழுதிப் பாருங்கள், ஒவ்வொரு ஆண்டின் வேரியன்ஸும் வரும், கூடவே எல்லா ஆண்டு ஜோடிகளின் இணைமாறுபாடும் (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற அளவு) வரும். நூறு ஆண்டுக்கு 4,950 ஜோடிகள். அவை அத்தனையையும் நீங்கள் சுழியம் என்று வைத்துவிட்டீர்கள். இதே தரவில் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கிடையே உள்ள தன்னொட்டுறவு, அதாவது ஓர் ஆண்டின் எண் முந்தைய ஆண்டின் எண்ணோடு எவ்வளவு ஒட்டிப் போகிறது என்பது, கிட்டத்தட்ட 0.5. ஓராண்டு நினைவுள்ள எளிய தன்சார்பு மாடலை வைத்தால், 1.5ஐ 0.5ஆல் வகுக்க 3 வரும், அத்தனை மடங்கு வேரியன்ஸ் கூடுகிறது. திட்டப்பிழை 17 இல்லை, 29. உங்கள் நூறு ஆண்டுகள் உண்மையில் 33 ஆண்டுகளுக்குத்தான் சமம்.

புள்ளிக்கோலம்:
சரி, 29 என்றே வைப்போம். அப்போதும் சுருங்கத்தானே செய்கிறது? மூன்று மடங்கு என்பது ஒரு மாறிலி, ஒருங்கும் வேகம் மாறவில்லை. நான் சொன்னதன் சாரம் அப்படியே நிற்கிறது.

கரிசல்காடு:
நீங்கள் இருவரும் வரைபடத்தைப் பார்க்காமலே பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. முதல் 28 ஆண்டுகளை மட்டும் எடுத்து வரிசையாகப் படியுங்கள். அதில் 919க்குக் கீழே போனது இரண்டே ஆண்டுகள்: 1877இல் 813, 1888இல் 799. மற்ற 26 ஆண்டுகளும் மேலே. 1898இல் 1100. அடுத்த ஆண்டு 774. அப்புறம் 840, 874, 694. முதல் 28 ஆண்டுகளின் சராசரி 1098, அடுத்த 72 ஆண்டுகளின் சராசரி 850. 919 என்பது எந்தக் காலத்து நைலுக்கும் சராசரி இல்லை, இரண்டு வெவ்வேறு நதிகளைக் கலந்து எடுத்த எண். மணல்மேடு சொன்ன 0.5 கூட அந்தப் படிக்கட்டு உண்டாக்கியதுதான். இரண்டு துண்டுக்கும் தனித்தனியே அதனதன் சராசரியைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் தன்னொட்டுறவு 0.2க்கும் கீழே விழுகிறது, திட்ட விலக்கமும் 169லிருந்து 127 ஆகிவிடுகிறது. நினைவு என்று நீங்கள் நினைப்பது நினைவே இல்லை, ஒரே ஒரு இடத்தில் தரை இறங்கியிருக்கிறது. தொடரே நிலைத்த தொடர் (காலத்தோடு பரவல் மாறாத தொடர்) இல்லாதபோது அதன் சராசரி எதை நோக்கி ஒருங்குகிறது என்ற கேள்விக்கே பொருள் கிடையாது.

மணல்மேடு:
படிக்கட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1898 என்ற இடத்தை நீங்கள் தரவைப் பார்த்த பிறகுதான் தேர்ந்தெடுத்தீர்கள். நல்ல நினைவுள்ள எந்தத் தொடரையும் நூறு புள்ளி எடுத்து வரைந்தால் கண்ணுக்கு ஒரு படிக்கட்டு தெரியும், அதை நானே எத்தனையோ முறை கணினியில் உருவாக்கிப் பார்த்திருக்கிறேன். உடைப்பு, அதாவது மட்டம் சட்டென்று மாறும் இடம், எதுவும் வைக்காமல் உருவாக்கிய தொடரில் உடைப்புச் சோதனை பளிச்சென்று உடைப்பு காட்டும்.

கரிசல்காடு:
இங்கே வெளிக்காரணம் இருக்கிறதே. அஸ்வானில் பழைய அணையின் கட்டுமானம் தொடங்கியதும் அதே சமயம்தான், 1902இல் முடிந்தது.

நீரளவை:
நீரியல் படித்தவள் என்ற முறையில் குறுக்கே வருகிறேன். இந்தக் கேள்வியோடு வாழ்நாளெல்லாம் இருந்த ஒருவர் உண்டு, ஹரால்ட் எட்வின் ஹர்ஸ்ட். 1906இல் எகிப்துக்குப் போனார், அங்கேயே பல பத்தாண்டுகள் நைலை அளந்தார். அவருக்கு வந்த கேள்வி சராசரியைப் பற்றியது இல்லை, நீர்த்தேக்கத்தைப் பற்றியது: நல்ல ஆண்டின் நீரைச் சேர்த்து வைத்துக் கெட்ட ஆண்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? ஒவ்வொரு ஆண்டும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று கூட்டிக்கொண்டே வந்தால், அந்தக் கூட்டல் தொட்ட உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்தக் கொள்ளளவு. எண்கள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் இந்த இடைவெளி, திட்ட விலக்கத்தால் வகுத்த பிறகு, ஆண்டு எண்ணிக்கையின் 0.5 அடுக்கில் வளர வேண்டும். ஹர்ஸ்ட் ஆறு, மழை, ஏரி, மர வளையம் என்று நீண்ட பதிவுகளை எல்லாம் எடுத்துக் கணக்கிட்டபோது சராசரியாக 0.73ஐ ஒட்டி வந்தது. 1951இல் வெளியிட்டார்.

இப்போது புள்ளிக்கோலத்தின் 17க்கு வருகிறேன். அடுக்கு 0.73 என்றால் சராசரியின் திட்டப்பிழை மாதிரி அளவின் 0.27 அடுக்கில்தான் குறையும், 0.5 இல்லை. நூறு ஆண்டுக்குக் கணக்கிட்டால் 49 வருகிறது. நூறு ஆண்டு என்பது சாராத 12 ஆண்டுக்குச் சமம்! வேகம் மாறவில்லை என்றீர்கள், இங்கே வேகமே மாறிவிட்டது. சாதாரணமாகப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு தரவு போதும். இங்கே 13 மடங்கு வேண்டும், அதாவது 1,300 ஆண்டு. கெய்ரோவில் ரோடா தீவின் நைல் அளவுகோல் பதிவுகளை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள், கி.பி. 622 முதல் 1284 வரை 663 ஆண்டுகளின் குறைந்தபட்ச மட்டம். உலகிலேயே அதைப்போல நீண்ட ஆற்றுப் பதிவு அரிது, அதுவும் இந்தத் தேவையில் பாதிதான்.

தூறல்:
புள்ளியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அப்படியென்றால் இந்த மாதிரித் தொடரில் சராசரி ஒருங்கவே ஒருங்காது என்று எடுத்துக்கொள்ளலாமா அக்கா?

மணல்மேடு:
இல்லை தம்பி, இதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், தேர்விலும் கேட்பார்கள், வேலையிலும் உதவும். நிலைத்த தொடர் ஒன்றில் சராசரியின் வேரியன்ஸ் சுழியத்துக்குப் போக என்ன வேண்டும் என்றால், தன் இணைமாறுபாடுகளை இடைவெளி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எடுத்து அவற்றின் சராசரி சுழியத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. 0.73 அடுக்குள்ள தொடரில் இணைமாறுபாடு மெதுவாகக் கரைகிறது, அவற்றின் கூட்டுத்தொகை முடிவிலிக்குப் போகிறது, ஆனால் அவற்றின் சராசரி சுழியத்துக்குத்தான் போகிறது. ஆக ஒருங்கும். நத்தை வேகத்தில் ஒருங்கும்.

ஒருங்காத ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் இதை எடுங்கள்: முதலில் ஒரு எண்ணைக் குலுக்கலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒவ்வொரு ஆண்டும் சாராத இரைச்சலைச் சேருங்கள். இது நிலைத்த தொடர்தான், எந்த ஆண்டைப் பார்த்தாலும் ஒரே பரவல். ஆனால் எந்த இரண்டு ஆண்டுக்கும் உள்ள இணைமாறுபாடு அந்த முதல் எண்ணின் வேரியன்ஸுக்குச் சமம், கரையவே கரையாது. சராசரி முதலில் எடுத்த எண்ணில் போய் நிற்கும், பரவலின் எதிர்பார்ப்பு மதிப்பில் நிற்காது. ஆயிரம் வருடம் அளந்தாலும் நீங்கள் பார்ப்பது ஒரே குலுக்கலைத்தான். சமவாய்ப்பு நடை (முந்தைய எண்ணின் மேலேயே ஒவ்வொரு ஆண்டும் ஒரு குலுக்கல் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது) என்றால் இன்னும் மோசம், அதில் சராசரியின் வேரியன்ஸ் குறைவதற்குப் பதில் ஆண்டு எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும்.

கரிசல்காடு:
கணிதம் சரி. ஆனால் நீரளவை அக்காவிடம் எனக்குள்ள குறை அப்படியே இருக்கிறது. 0.73 என்பது ஒரு வர்ணனை, காரணம் இல்லை. எந்த ஆறு அறுநூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கிறது? சராசரி மட்டமே அவ்வப்போது மாறினால் போதும், இதே அடுக்கு கிடைக்கும் என்று 1974இலேயே நீரியலாளர் கிளெமெஷ் எழுதிவிட்டார். மாண்டெல்பிராட்டும் வான் நெஸ்ஸும் 1968இல் கொடுத்த பின்ன பிரவுனிய இயக்கம், அதாவது மிக நீண்ட நினைவுள்ள தொடருக்கான மாடல், அழகான கணிதம், ஆனால் அழகாக இருப்பதால் நைல் அப்படி ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை.

நீரளவை:
இந்தக் குறைக்குப் பதில் ஹர்ஸ்டிடமே இருக்கிறது, அவர் வைத்து விளையாடிய சீட்டுக்கட்டில். அப்போது கணினி இல்லை. 52 சீட்டுகளில் எண்களை எழுதினார்: கூட்டல் 1, கழித்தல் 1 பதின்மூன்று பதின்மூன்று, கூட்டல் 3, கழித்தல் 3 எட்டெட்டு, 5கள் நான்கு நான்கு, 7கள் ஒவ்வொன்று. கட்டைக் குலுக்கி வெட்டி ஒரு எண்ணைப் பார்ப்பார், 3 வந்தது என்று வையுங்கள். சீட்டை இரண்டு கையாகப் பிரித்து, ஒரு கையிலுள்ள பெரிய மூன்று சீட்டை மற்ற கைக்கு மாற்றி, அந்தக் கையில் இருந்த சிறிய மூன்றை எடுத்துவிட்டு, ஒரு ஜோக்கரைச் சேர்ப்பார். கழித்தல் எண் வந்திருந்தால் இதற்கு நேர்மாறு. இனி அந்தக் கையை மட்டும் குலுக்கிக் குலுக்கி வெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டே போவார். ஜோக்கர் வெட்டுப்பட்டால் எல்லாச் சீட்டையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து. இந்த விளையாட்டில் கிடைத்த தொடரும் அவருக்கு 0.7ஐ ஒட்டிய அடுக்கையே கொடுத்தது.

கவனித்தீர்களா கரிசல், இது உங்கள் படிக்கட்டேதான். ஒரு மட்டத்தில் கொஞ்ச காலம், ஜோக்கர் வந்ததும் வேறு மட்டம். ஆனால் நீங்கள் சொல்வதற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீங்கள் 1898இல் ஒரு உடைப்பு நடந்தது, அத்தோடு முடிந்தது, இனி 850தான் என்கிறீர்கள். ஹர்ஸ்டின் கட்டில் ஜோக்கர் இன்னும் உள்ளேயே இருக்கிறது. 1961க்கும் 1964க்கும் நடுவே விக்டோரியா ஏரியின் மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறியதே, வெள்ளை நைல் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது, அதற்கு எந்த அணையைக் காரணம் சொல்வீர்கள்?

கரிசல்காடு:
இது நியாயமான கேள்வி. உடைப்பு ஒன்றுதான் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இரண்டு துண்டையும் கலந்து சராசரி எடுத்தது தப்பு என்பதில் மாற்றமில்லை. 1959இல் எகிப்தும் சூடானும் ஒப்பந்தம் போட்டபோது ஆற்றின் சராசரியை 8,400 கோடி கன மீட்டர் என்று எழுதினார்கள், நம் அலகில் 840. அதுவும் அப்போதைய நடப்பு நூற்றாண்டின் ஆண்டுகளுக்கு என்று குறிப்பிட்டே எழுதினார்கள், அதாவது 1871 முதல் 1898 வரை இருந்த தாராளமான காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அதில் 5,550 கோடி எகிப்துக்கு, 1,850 கோடி சூடானுக்கு, மீதி 1,000 கோடி ஆவியாதல் முதலிய இழப்புக்கு. என்னைக் கேட்டால் 919ஐ எடுக்காமல் விட்டது புத்திசாலித்தனம்.

புள்ளிக்கோலம்:
இங்கேதான் எனக்கு உறைத்தது. என்னுடைய 885க்கும் 953க்கும் நடுவே அந்த 840 இல்லவே இல்லை. மணல்மேடு திருத்தியபடி 860 முதல் 978 வரை என்று வைத்தாலும் இல்லை. நீரளவை சொன்ன 49ஐ எடுத்தால் 821 முதல் 1017 வரை, அதில் 840 சாதாரணமாக உட்காருகிறது. நான் போட்ட கணக்குப்படி ஒப்பந்தம் எழுதியவர்கள் சராசரியைத் தப்பாகப் பிடித்தவர்கள் ஆகிவிடுவார்கள், தப்பாகப் பிடித்தது நான்.

நீரளவை:
இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், 840 சரியாகவே இருந்தாலும் ஆபத்து ஓயவில்லை. அஸ்வான் உயர் அணை 1970இல் முடிந்தது. 1979இலிருந்து வரத்து வருடக்கணக்கில் குறைவாகவே வந்தது, 1988 நடுவில் அந்த அணையின் நீர்த்தேக்கமான நாசர் ஏரி 150 மீட்டர் மட்டத்தை ஒட்டி இறங்கிவிட்டது, இன்னும் சில மீட்டர் இறங்கியிருந்தால் மின்சுழலிகளை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த ஆண்டு வெள்ளம் நன்றாக வந்ததால் தப்பித்தார்கள். ஒன்றையொன்று சாராத எண்களாக இருந்தால் இப்படி வரிசையாகக் கெட்ட ஆண்டுகள் சேர்வது அபூர்வம், நைலில் அது அபூர்வமே இல்லை. திட்டப்பிழையைக் குறைத்துச் சொன்னால் பரீட்சைத் தாளில் மதிப்பெண் போவதோடு நிற்காது, அணையின் அளவு தப்பாகும்.

தூறல்:
அக்கா, சீட்டுக்கட்டில் ஒரு மட்டம் சராசரியாக எத்தனை வெட்டு நீடிக்கும்?

நீரளவை:
கையில் 26 சீட்டும் ஒரு ஜோக்கரும், மொத்தம் 27. ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு வெட்டுவதால் ஜோக்கர் வர 27இல் ஒரு வாய்ப்பு, ஆக சராசரி 27 வெட்டு. கரிசலின் முதல் துண்டு 28 ஆண்டு என்பது தற்செயல், அதில் எதையும் தேடாதீர்கள்.

புள்ளிக்கோலம்:
திங்கட்கிழமை வகுப்புக்கு இரண்டு சீட்டுக்கட்டு வாங்கிவிட்டேன், சீட்டில் ஒட்ட வெள்ளைத் தாளும். ஆளுக்கு நூறு வெட்டு, நாற்பது மாணவர்கள். ஒவ்வொருவரும் எடுத்த சராசரியைப் பலகையில் எழுதி, அந்த நாற்பது எண்ணின் வேரியன்ஸை அவர்களையே கணக்கிடச் சொல்லப்போகிறேன். அதோடு வர்க்கமூலக் கணக்கு கொடுக்கும் எண்ணையும் பக்கத்தில் எழுதுவேன். வந்ததை இங்கேயே போடுகிறேன்.