'இதிலிருந்து பெறக்கூடிய முடிவு யாது?': ஒவ்வொரு முறையும் பிழைக்கிறது

கரடிப்போக்குக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். போட்டிப் பரீட்சை ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எண் தொடர், உருவம், திசை எல்லாம் ஓரளவுக்கு ஓடுகிறது. ஆனால் ஒரு பந்தியைத் தந்து முடிவைக் கேட்டால், நான்கில் இரண்டை வெட்டிவிட்டு மிச்ச இரண்டில் பிழையானதைச் சொல்லிவைத்தாற்போல் தெரிவு செய்கிறேன். நேற்று மாட்டுப்பட்ட கேள்வி இது, ஞாபகத்தில் இருந்து எழுதுகிறேன் (வான் பாய்வது என்றால் குளம் நிரம்பி வழிவது, சிறுபோகம் என்றால் வருடத்தின் இரண்டாவது நெல் பருவம்):

"ஒரு குளத்தின் கீழ் மூன்று வாய்க்கால்கள் உள்ளன. குளம் வான் பாயும் ஒவ்வோர் ஆண்டும் சிறுபோகத்துக்கு மூன்று வாய்க்கால்களுக்கும் தண்ணீர் திறந்துவிடப்படும். இவ்வாண்டு சிறுபோகத்துக்கு மூன்றாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடப்படவில்லை."

அ) இவ்வாண்டு மழை குறைவு.
ஆ) இவ்வாண்டு குளம் வான் பாயவில்லை.
இ) வான் பாயாத ஆண்டுகளில் மூன்றாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கப்படுவதில்லை.
ஈ) குளத்தை ஆழப்படுத்தினால் மூன்றாம் வாய்க்காலுக்கும் தண்ணீர் கிடைக்கும்.

நான் அ போட்டேன், விடை ஆ என்கிறார்கள். மழை குறைந்தால்தானே வான் பாயாது? இரண்டும் ஒன்றுதானே?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

ஒன்றில்லை பிள்ளை. பந்தியைத் திரும்ப வாசித்து மழை என்ற சொல் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் பார்ப்போம். இல்லை. அதைக் கொண்டுவந்தது நீங்கள்தான். வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு வான் பாய்வது என்றால் 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்த வெள்ளம்தான் கண்ணில் நிற்கும், மழையும் கூடவே வந்துவிடும். கேள்வி போடுகிறவர் அதை நம்பித்தான் அப்படி ஒரு தெரிவை முன்னுக்கு வைக்கிறார்.

நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற வழி ஒன்றுதான்: பந்தியில் உள்ளது எல்லாம் உண்மையாக இருக்கவேண்டும், தெரிவு மட்டும் பொய்யாக வேண்டும், அப்படி ஒரு கதை கட்ட முடியுதா என்று பாருங்கள். அ வுக்குச் சுலபமாகக் கட்டலாம். நல்ல மழைதான், ஆனால் அணைக்கட்டில் கசிவு கண்டு துருசை, அதாவது மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைத்தே வைத்திருந்தார்கள், வான் பாயவில்லை. கதை நிற்கிறது, ஆகவே அ விழுகிறது. ஈ க்கு இந்த மினக்கேடும் வேண்டாம், ஆழப்படுத்துவதைப் பற்றிப் பந்தி வாயே திறக்கவில்லை.

இப்போது ஆ வுக்குக் கட்டுங்கள். குளம் வான் பாய்ந்தது என்று வைத்தால் மூன்றுக்கும் திறந்திருக்க வேண்டும், ஆனால் மூன்றாவதுக்குத் திறக்கவில்லையே, கதை அங்கேயே உடைகிறது. அதனால்தான் ஆ விடை.

இ தான் உண்மையில் பொல்லாதது, உங்களுக்கு அது கண்ணில் படாதது அதிர்ஷ்டம். வான் பாய்ந்தால் திறப்பார்கள் என்றதை, பாயாவிட்டால் திறக்கமாட்டார்கள் என்று திருப்பிப் போடுகிறது. முக்கால்வாசி நிறைந்த குளத்தில் இருந்தும் மூன்றுக்கும் திறந்த வருடம் இருக்கலாம், பந்தி அதை மறுக்கவில்லை. பழைய தர்க்க நூல்காரர்களின் உதாரணமும் இதுதான்: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, ஆனால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இராது, காய்ச்சிச் சிவந்த இரும்பைப் பாருங்கள்.

வவுனிக்குளத்தான்:

ரீச்சர் சொன்னது சரி, ஒரு சின்ன இழுப்பு மட்டும். "வான் பாயும் ஒவ்வோர் ஆண்டும்" என்று இருப்பதால் இந்த ஆண்டும் அந்த விதிக்குள் வருகிறது, ஆ தப்பவே முடியாது. அதையே "கடந்த பத்து ஆண்டுகளில் வான் பாய்ந்தபோதெல்லாம் திறந்துவிடப்பட்டது" என்று எழுதியிருந்தால்? அது பழைய கணக்கு. இந்த வருடம் வழக்கத்தை மாற்றியிருக்கலாம், அப்போது ரீச்சர் சொன்ன மாதிரிக் கதையை ஆ வுக்கும் கட்டலாம்.

அப்படியிருந்தும் விடை ஆ தான், கேள்வியின் கடைசி வரி "மிகவும் ஆதரவுள்ள முடிவு எது" என்று இருந்தால். "கட்டாயம் உண்மையாக இருப்பது எது" என்று இருந்தால் அந்தப் பந்திக்கு விடையே இல்லை. எனவே தங்கச்சி, கடைசி வரியை முதலில் வாசித்துவிட்டுப் பந்திக்குப் போங்கள். நான் இரண்டு தரம் எழுதி விழுந்த பிறகுதான் இது விளங்கியது, அதுவும் பஸ்ஸில் வரும்போது.

மல்லாவி டு ரொறன்ரோ:

இங்கே சட்டம் படிக்கப் போகிறவர்கள் எழுதும் எல்சாட் பரீட்சையில் இந்த மாதிரிக் கேள்விதான் பெரும்பங்கு. 2024 ஆகஸ்டில் இருந்து புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள், புள்ளி சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கம், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், ஏறக்குறைய 25 கேள்வி. ஒவ்வொரு தெரிவுக்கும் கதை கட்டிக்கொண்டிருக்க நேரம் வராது. கடைசி இரண்டுக்கு மட்டும் கட்டுங்கள்.

சப்பென்று இருக்கும் தெரிவை எடு, 'எல்லாம்', 'ஒருபோதும்' வந்தால் வெட்டு என்று எல்லா இடமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் சரிதான், "சில", "குறைந்தது ஒன்று" என்று சொல்வதை நிறுவச் சின்ன ஆதாரமே போதும். ஆனால் பந்தியே "எல்லா" என்று பேசினால் முடிவும் பேசலாம், கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள்.

"பெரும்பாலான" என்ற சொல்லையும் ஒருக்கால் பாருங்கள். 30 பேர் வகுப்பில் பாதிக்கு மேல் சைக்கிளில் வருகிறார்கள், பாதிக்கு மேல் ரியூசன் போகிறார்கள். சைக்கிளில் வருகிறவர்களில் அதிகம் பேர் ரியூசன் போகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லலாம், குறைந்தது 16 உம் 16 உம் 32, ஆட்கள் 30, இரண்டு பேராவது இரண்டிலும் வந்தே ஆகவேண்டும்.

கரடிப்போக்குக்காரி:

ரீச்சர், அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. அந்தக் கதை கட்டும் வழியில் காலையில் பத்துக் கேள்வி செய்தேன், ஏழு சரி. பிழைத்த மூன்றிலும் பந்தியில் இல்லாத ஒன்றை நானே உள்ளே விட்டிருக்கிறேன், ஒன்றில் உரம் விலை!

குளக் கேள்வியை அப்பாவிடமும் காட்டினேன். கடைசி வாய்க்காலில்தான் எங்கள் வயல். நான்கும் பிழையாம், மேலே இருக்கிறவன் மறித்திருப்பானாம்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

அப்பாவைப் பரீட்சைக்கு அனுப்பாதீர்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு அனுப்புங்கள்.