ராஜா அம்பத்: குறைந்த அனுபவத்தோடு லிவ்அபோர்டில் ஏறலாமா?

அலைமகன்:
வணக்கம். வரும் பிப்ரவரியில் நானும் என் மனைவியும் இந்தோனேசியாவின் ராஜா அம்பத் தீவுகளுக்குச் செல்லவிருக்கிறோம். இருவரும் ஸ்கூபா டைவிங்கின் முதல்நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்றவர்கள். இருபதை ஒட்டிய டைவ் அனுபவம் இருக்கிறது. சோரோங் துறைமுகத்தில் ஏறி, பத்து இரவுகள் படகிலேயே தங்கி, வடக்கே டாம்பியர் நீரிணையையும் தெற்கே மிசோல் தீவையும் ஒரே பயணத்தில் பார்க்கும் லிவ்அபோர்டுக்கு முன்பணம் கட்டலாமா, அல்லது க்ரி தீவில் ஹோம்ஸ்டே எடுத்துத் தங்கி அங்கிருந்தே டைவ் செய்யலாமா என்று முடிவெடுக்க முடியவில்லை.

நீரோட்டம்:
இந்த அனுபவத்தோடு படகில் ஏற வேண்டாம். செலவை வைத்து நான் இதைச் சொல்லவில்லை, அங்குள்ள நீரோட்டத்தை வைத்தே சொல்கிறேன். பசிபிக் பெருங்கடலின் நீர் டாம்பியர் நீரிணை வழியாகத்தான் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் கொண்டுவரும் உணவுக்காகத்தான் மீன்களும் அங்கே குவிகின்றன. 2012-இல் மீனியலாளர் ஜெரால்ட் ஆலன் க்ரி தீவின் முனையான கேப் க்ரியில் ஒரே டைவில் 374 மீன் இனங்களை எண்ணியதும் இதனால்தான். ஆனால் அந்த முனையில் நீரோட்டம் பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் நின்றால் திரெவல்லி மீன்களும் சுறாக்களும் கண்முன்னே வேட்டையாடுவதைப் பார்க்கலாம். சில மீட்டர் தள்ளிப் போய்விட்டால் நீர் உங்களைக் கீழ்நோக்கி இழுக்கும். ப்ளூ மேஜிக் என்ற கடலடி மேட்டில், மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யில் காற்றே இல்லாமல் படகிலிருந்து பின்புறமாகச் சாய்ந்து உடனே இறங்கியாக வேண்டும். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேற்பரப்பில் அரை நிமிடம் மிதந்தாலே அந்தக் கடலடி மேட்டைத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஒரு நாளைக்கு நான்கு டைவ் என்று அட்டவணை போட்டு ஓடும் படகில் இவற்றை நிதானமாகப் பழக நேரம் கிடைக்காது.

தென்திசை:
நீரோட்டம் பற்றி நண்பர் சொன்னதை மறுக்கவில்லை. அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவைத்தான் மறுக்கிறேன். க்ரியில் தங்குபவரும் அதே கேப் க்ரியில்தானே இறங்கப்போகிறார்? நல்ல படகில் முதல் டைவை அமைதியான இடத்தில் வைத்து ஒவ்வொருவரின் மிதப்புக் கட்டுப்பாட்டையும் பார்த்த பிறகே குழு பிரிப்பார்கள். நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கும், ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தை மாற்றும் வசதியும் அங்கே உண்டு. அதைவிட முக்கியமானது மிசோல். மென்பவளங்கள் செந்நிறத்திலும் ஊதாவிலும் சுவரை மூடியிருக்கும் பூ விண்டோஸ், மான்டா திருக்கைகள் வந்துபோகும் மேஜிக் மவுண்டன் போன்ற இடங்கள் எல்லாம் க்ரியிலிருந்து போய்த் திரும்பும் தூரத்தில் இல்லை. படகு இரவில் நீங்கள் உறங்கும்போது அந்தத் தூரத்தைக் கடந்துவிடும். தென்கிழக்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மிசோல் பக்கம் கடல் கொந்தளிப்பதால் பெரும்பாலான படகுகள் கொமோடோ தீவுப் பக்கம் போய்விடுகின்றன. பிப்ரவரியில் போகும் வாய்ப்பிருந்தும் மிசோலை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலேரியாவையும் நினைவில் கொள்ளுங்கள். ராஜா அம்பத் அடங்கிய பப்புவா பகுதியில் அந்த நோய் இன்னும் இருக்கிறது; கரையிலேயே இரவுகளைக் கழிப்பவருக்குக் கொசுக்கடி அதிகம்.

நீரோட்டம்:
மலேரியாத் தடுப்பு மருந்து பற்றி எங்கே தங்கினாலும் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். டைவ் செய்யப்போவதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அம்மருந்துகளில் ஒன்றான மெஃப்ளோக்வின் தரும் தலைச்சுற்றலையும், டைவ் முடித்து மேலேறும்போது உடலில் வாயுக்குமிழிகள் உண்டாவதால் வரும் டிகம்ப்ரெஷன் நோயின் அறிகுறிகளையும் பிரித்தறிவது கடினம்.

குறைந்த அனுபவமுள்ளவருக்குக் கரையில் கிடைக்கும் பெரிய நன்மை, இன்று வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம். படகில் முழுப் பணத்தையும் முன்பே கட்டிவிட்டு, கூட இருப்பவர்கள் அனைவரும் இறங்கும்போது, காது வலித்தாலும் மனம் தயங்கினாலும் ஒதுங்கி உட்கார மிகுந்த மன உறுதி வேண்டும். ஹோம்ஸ்டேக்குக் கொடுக்கும் பணம் அந்தக் கிராமத்துக் குடும்பத்துக்கே நேராகப் போய்ச் சேர்கிறது என்பதும் எனக்கு முக்கியம். பெரிய கலங்கள் அங்கே செய்த சேதத்தையும் மறக்க முடியாது: 2017 மார்ச்சில் 90 மீட்டர் நீளமுள்ள கலிடோனியன் ஸ்கை கப்பல் க்ரி தீவருகே பவளப்பாறையின்மேல் ஏறி, ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பவளத்தை நொறுக்கியது.

தென்திசை:
அது சுற்றுலாப் பயணிகள் கப்பல். மரத்தால் கட்டிய, இந்தோனேசியப் பாரம்பரியப் பாய்மரக் கலமான பினிசி வகை டைவ் படகுகளை அதன் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

நீரோட்டம்:
சரி, டைவ் படகையே எடுத்துக்கொள்வோம். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாக் கரையோரம் கன்செப்ஷன் என்ற டைவ் படகு இரவில் தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் உறங்கியவர்களுக்கு இருந்த இரண்டு வழிகளும் மேலே ஒரே கூடத்தில்தான் திறந்தன, அந்தக் கூடமோ எரிந்துகொண்டிருந்தது. இரவில் சுற்றிவந்து கண்காணிக்க யாரையும் நியமிக்கவில்லை என்பதை விசாரணை உறுதிசெய்தது. படகு எந்த நாட்டுடையதானாலும் தப்பும் வழி, இரவுக் காவல் ஆகிய இந்த இரண்டையும் பற்றிக் கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

தென்திசை:
இதை முழுமனதோடு ஏற்கிறேன். கேமரா பேட்டரிகளை ஆள் பார்வையில் மட்டுமே சார்ஜ் செய்ய விடுகிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதோடு, கிளம்புமுன் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழை முடித்துவிடுங்கள். ஓப்பன் வாட்டருக்கான 18 மீட்டர் எல்லையோடு போனால் பல இடங்களில் பாதியைத்தான் பார்ப்பீர்கள். ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றான நைட்ராக்ஸைப் பயன்படுத்தும் படிப்பும் உதவும், ஆனால் 32 சதவீத ஆக்சிஜன் கலவையோடு 34 மீட்டரைத் தாண்டக் கூடாது.

அலைமகன்:
இருவருக்கும் நன்றி. முதல் நான்கு நாட்கள் க்ரியில் தங்கி நீரோட்டத்தில் பழகிவிட்டு, பிறகு மிசோலுக்குப் போகும் ஏழு இரவுப் படகில் ஏறினால் என்ன என்று என் மனைவி கேட்கிறார்.

தென்திசை:
நல்ல யோசனை. டிகம்ப்ரெஷன் நோயைத் தவிர்க்க, கடைசி டைவுக்கும் சோரோங் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

நீரோட்டம்:
எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது, நான்கு நாட்கள் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். க்ரியில் உங்களோடு இறங்கும் வழிகாட்டியிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் படகுக்குக் கட்டிய பணம் வீணாகாதபடி, தேதி மாற்ற அனுமதிக்கும் நிறுவனமாகப் பார்த்து முன்பணம் கட்டுங்கள்.