வாலில்லாத விந்தணு: இறால் முட்டை கருவுறுவதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பொரிப்பகத்தில் சேர்ந்த முதல் மாதம். ஆண் இறாலின் விந்துப்பையைப் பிழிந்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தார்கள். எவ்வளவு நேரம் பார்த்தும் ஒன்றுகூட அசையவில்லை. "எல்லாம் செத்துப்போச்சுண்ணே" என்றேன். "அதுக்கு வாலே கிடையாதுப்பா, எப்படி நீந்தும்?" என்றார் மூத்தவர். மறுபடி பார்த்தேன். உருண்டை உடல், ஒரு முனையில் ஒற்றை முள். அவ்வளவுதான்.

நீந்தாதது முட்டையிடம் எப்படிப் போய்ச் சேரும்? புலி இறால் ஒன்று முட்டையிட்ட இரவில் புரிந்தது. மூன்றாம் ஜோடிக் கால்களின் அடியிலிருந்து முட்டைகள் புகைபோல் இறங்கின. அதே நேரம், கலவியின்போது வாங்கிப் பத்திரப்படுத்திய விந்தையும் தாய் இறால் வெளியே விடுகிறது. நீந்தியபடியே துடுப்புக் கால்களால் தண்ணீரைக் கலக்கி இரண்டையும் சேர்த்துவைப்பதும் அதுதான். உடனே எடுத்துப் பார்த்த முட்டையின் விளிம்பில், முள்முனை பதிந்தபடி விந்தணுக்கள் ஒட்டி நின்றன. உடம்பு சிலிர்த்துவிட்டது.

மறுமொழி

எனக்கு நேர்ந்தது வேறு. வன்னாமெய் இறாலில் ஆண் தரும் விந்துப்பொதி பெண்ணின் உடலுக்கு வெளியேதான் ஒட்டியிருக்கும், கை பட்டால் எளிதில் கழன்றுவிடும். ஒருமுறை தொட்டி மாற்றும்போது அப்படித்தான் போயிருக்கிறது, கவனிக்கவில்லை. இரவில் முட்டையிட்டது. முட்டையின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் குச்சிகள் வெளியே தள்ளப்பட்டு, சுற்றிலும் கூழ்ப்படலமாக விரிந்ததைப் பார்த்தேன். கருவுற்றுவிட்டது என்று நம்பி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் ஒரு நாப்ளியஸ்கூட (முட்டையிலிருந்து வெளிவரும் முதல் நிலைக் குஞ்சு) இல்லை. அந்தக் குச்சிகளை வெளியேற்றுவது விந்தணு அல்ல, கடல்நீரிலுள்ள மக்னீசியம். விந்தே இல்லாவிட்டாலும் கூழ் வரும். புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்: கூழை நம்பாதீர்கள், செல் ஒழுங்காக இரண்டு, நான்கு என்று பிரிகிறதா பாருங்கள்.

மறுமொழி

நான் ஆய்வகத்தில் சிசியோனியா இஞ்சென்டிஸ் என்ற இறால் இனத்தோடு வேலை பார்த்தவள். முட்டையிட்ட நீரை விந்தணுக்கள்மேல் விட்டால், முட்டையே இல்லாமல், முட்டையோடு சேரத் தயாராவதுபோல் அவை வினைபுரியும். முள் கரைந்து மறைய, அந்த இடத்தில் மெல்லிய இழை ஒன்று நீளும். ஆனால் ஆணிடமிருந்து நேராக எடுத்த விந்தில் பெரும்பாலும் இது நடக்காது. பெண்ணின் உடலுக்குள் தங்கியிருந்த விந்துதான் முழுத் தகுதி பெறுகிறது. முதல் வாரம் முழுக்க ஆண் இறால்களை வைத்தே முயன்று, முட்டை நீர் கெட்டுவிட்டதென்று திரும்பத் திரும்பக் கொட்டினேன். பெண் விந்தைச் சேர்த்துவைக்கும் பையிலிருந்து எடுத்த முதல் சொட்டிலேயே இழை நீண்டது.