விற்பனை ரத்தாகியும் கமிஷன் திரும்பவில்லை, என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில் பழைய கேமரா லென்ஸ் ஒன்றை விற்றேன். பணமும் கட்டிவிட்டார்கள். மறுநாளே வாங்கியவர் "வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள்" என்று மெசேஜ் போட்டார். நான் பொருளை அனுப்பவில்லை. அவருடைய வங்கிக் கணக்கு விவரம் கேட்டு வாங்கி, முழுத் தொகையையும் நேரடியாக அனுப்பிவிட்டேன். ஆனால் ஆர்டர் இன்னும் 'அனுப்ப வேண்டியவை' பட்டியலிலேயே நிற்கிறது, பிடித்த கமிஷனும் திரும்பவில்லை. இப்போது ரத்து பட்டனை அழுத்தினால் வந்துவிடுமா?

பதில்

தயவுசெய்து அழுத்தாதீர்கள். பணம் கட்டிய ஆர்டரை ரத்து செய்தால், தளமே உங்கள் பண இருப்பில் இருந்து எடுத்து வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும். நீங்கள் வங்கி வழியாக அனுப்பியது அதற்குத் தெரியாது. ஒரே லென்ஸுக்கு இரண்டு முறை பணம் போகும்.

கமிஷன் நிற்பதற்கும் அதே காரணம்தான். தளத்தின் கணக்கில் இந்த விற்பனை இன்னும் முடியாமல் இருக்கிறது. ஆர்டருக்குள் இருக்கும் ரீஃபண்ட் வழியாகப் பணம் போனால்தான் கமிஷனைத் திருப்பும் கணக்கு ஓடும்.

இரண்டு வழி உண்டு. வாங்கியவர் ஒத்துழைப்பவர் என்றால், நீங்கள் அனுப்பிய தொகையை உங்களுக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அது உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு, ஆர்டரைத் திறந்து 'வாங்கியவர் ரத்து செய்யக் கேட்டார்' என்ற காரணத்தைப் போட்டு ரத்து செய்யுங்கள். சுத்தமான வழி இதுதான். அவர் தயங்கினால், தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே "முழுத் தொகையும் கிடைத்தது, ஆர்டரை ரத்து செய்யச் சம்மதம்" என்று எழுதி வாங்குங்கள். அதையும் வங்கிப் பரிமாற்ற எண்ணையும் ஆர்டர் எண்ணையும் சேர்த்து வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பி, மறு ரீஃபண்ட் இல்லாமல் ஆர்டரை மூடிக் கமிஷனை வரவு வைக்கக் கேளுங்கள். இதில் முடிவு அவர்கள் கையில்.

எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆர்டர் திறந்தே இருந்தால், 'பொருள் வரவில்லை' என்று அவர் புகார் கொடுக்கலாம். அனுப்பியதற்கு டிராக்கிங் இல்லாததால் அந்தப் புகாரில் நீங்கள் தோற்பீர்கள். பட்டியலில் இருந்து போகட்டும் என்று 'அனுப்பிவிட்டேன்' எனக் குறித்துவிடவும் வேண்டாம். அதன் பிறகு பல தளங்களில் ரத்து வழியே அடைபட்டுவிடும்.

இன்னொரு பதில்

மேலே சொன்னது சரி. காரணத்தைத் தேர்வு செய்யும் இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதைப் பற்றிக் கொஞ்சம்.

அவசரத்தில் 'சரக்கு இல்லை' என்று போட்டுவிடாதீர்கள். ஈபேயில் அது விற்பவர் கணக்கில் குறையாகப் பதிவாகும். வாங்கியவர் கேட்டு ரத்து செய்தால் பதிவாகாது. அவர் தளத்தில் முறைப்படி கோரிக்கை வைக்காமல் மெசேஜில் மட்டும் கேட்டிருந்தாலும், நீங்கள் ரத்து செய்யும்போது அந்தக் காரணத்தையே போடலாம். அந்த மெசேஜை அழிக்காமல் வையுங்கள்.

வாங்கியவர் பணமே கட்டவில்லை என்றால் கதை வேறு. ஈபேயில் 4 நாட்கள் பொறுத்து, 'பணம் கட்டவில்லை' என்று ரத்து செய்ய வேண்டும். காரணத்தை மாற்றிப் போட்டால், பணம் கட்டாதது அவர் கணக்கில் ஏறாது.

அமேசானில் நீங்களே பொருள் அனுப்புபவராக இருந்தால், அனுப்பும் முன் விற்பவர் செய்யும் ரத்துகள் மொத்த ஆர்டர்களில் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ரத்து செய்தபின் பிடித்த கமிஷன் முழுவதும் வருமா? எங்கே பார்ப்பது?

பதில்

மொத்தத் தொகையைப் பார்த்தால் புரியாது. பரிவர்த்தனைப் பட்டியலில் ஆர்டர் எண்ணைத் தேடுங்கள். விற்பனைக் கமிஷன் ஒரு பதிவு, விளம்பரக் கட்டணம் தனிப் பதிவு, கமிஷன் மீதான வரி தனிப் பதிவு என்று கழித்தல் குறியோடு நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரவுப் பதிவு வந்திருக்கிறதா என்று ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ஜோடி இல்லாத பதிவு எதுவோ, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். "கமிஷன் வரவில்லை" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும்.

எல்லாம் திரும்பாது. பொருளைப் பட்டியலிட்டதற்கான கட்டணம் வழக்கமாகத் திரும்பாது. பேபால் வழியாகப் பணம் வாங்கியிருந்தால், ரீஃபண்ட் செய்தாலும் விற்பவரிடம் பிடித்த கட்டணத்தை அது திருப்புவதில்லை, 2019 முதல் அப்படித்தான்.

ரீஃபண்ட் தொகையையும் சரிபாருங்கள். பொருள் 80, அனுப்பும் செலவு 20, மொத்தம் 100 என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 13 சதவீதம் என்றால் பிடித்தது 13. நீங்கள் 80 மட்டும் திருப்பினால், விகிதப்படி திருப்பும் தளத்தில் 10.40 தான் வரும். மீதி 2.60 தவறு அல்ல, அனுப்பும் செலவின் மீது பிடித்தது. பொருளே அனுப்பாதபோது 100-ஐயும் திருப்புவதுதான் முறை.

கேள்வி கேட்டவர்

வாங்கியவர் தொகையைத் திருப்பி அனுப்பினார். வங்கிக் கணக்கில் பார்த்துவிட்டு, அவர் கேட்ட ரத்து என்று போட்டேன். கமிஷனுக்கும் வரிக்கும் ஜோடி வந்துவிட்டது. விளம்பரக் கட்டணத்துக்கு மட்டும் இல்லை, அந்த ஒரு பதிவைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன்.