வாத்தியம் இல்லாமல் பாடும் பெண்கள் குழு: உங்கள் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:
தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து வளர்ந்த நாங்கள் ஆறு பெண்கள், அக்கப்பெல்லா, அதாவது வாத்தியமின்றிக் குரல்களால் மட்டுமே பாடுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டதை இங்குப் பலர் அறிவீர்கள். ஒரு திருமண வரவேற்பில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஏ.ஆர்.ரஹ்மான் 1993-இல் குரல்களைக் கொண்டே அமைத்த ‘ராசாத்தி’ பாடலை முடித்து இறங்கியபோது, மணமகளின் பெரியப்பா பேசிய தொகையில் பாதியை உறையில் வைத்து நீட்டி, “ஒரு ஆர்மோனியம்கூட இல்லியேம்மா, பெறவு எதுக்கு அவ்வளவு துட்டு?” என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார் என்பதே இன்றும் உறுத்துகிறது. கீபோர்டும் தபலாவும் செய்ய வேண்டிய வேலையை எங்கள் தொண்டைகளே செய்தன என்பதை அந்தக் கூட்டத்தில் நின்று எப்படி விளக்குவது? நம் ஊரில் வாத்தியம் இல்லாத பாட்டு பழக்கமில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து:
பழக்கமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. தாமிரபரணிப் பாசன வயல்களின் நடவுப் பாட்டுக்கும், முளைப்பாரிக் கும்மிக்கும், துட்டி வீட்டு ஒப்பாரிக்கும் என்ன வாத்தியம் இருந்தது? என் ஆச்சி ஒரு துட்டி வீட்டில் முதலடி எடுத்ததும், சுற்றி அமர்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் சேர்ந்துகொண்டார்கள். அழவும் மறந்து கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்காக எவரும் ஆச்சிக்குக் காசு கொடுத்ததில்லை. அந்தப் பெரியப்பாவும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவராகவே இருப்பார்.

நாசரேத்திலிருந்து:
ஒப்பாரியில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள்; நான்கு பிரிவாகப் பிரிந்து ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளைப் பாடுவது வேறு வேலை என்பதை மேலே எழுதியவர் கணக்கில் கொள்ளவில்லை. எங்கள் பெண்கள் ஒரு கீர்த்தனையை முடித்ததும் கீபோர்டில் சுருதியைத் தட்டிப் பார்த்தேன். குழு முழுவதும் அரை டோன், அதாவது கீபோர்டில் அடுத்த கட்டை அளவுக்கு, இறங்கியிருந்தது. எல்லோரும் சேர்ந்தே இறங்கியதால் ஒருவர் காதுக்கும் அது தெரியவில்லை.

ஆகவே பாளையங்கோட்டைச் சகோதரிக்குச் சில சொல்ல விரும்புகிறேன். ஆண்களின் பாஸ் என்னும் மிகத் தாழ்ந்த குரல் இல்லாத குழுவுக்கு, பெண் குரல்களில் கீழ்ப் பிரிவான இரண்டாம் ஆல்டோவே அடித்தளம். அந்தக் குரல் தளர்ந்தால் மேலே உச்சக் குரல்களான இரண்டு சொப்ரானோக்கள் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் பாட்டு நிற்காது. ஒவ்வொருவருக்கும் தனி மைக் கேளுங்கள். கீழ்க்குரலைச் சற்றுத் தூக்கி வைக்குமாறு ஒலி அமைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 1973-இல் வாஷிங்டனில் பெர்னிஸ் ஜான்சன் ரேகன் தொடங்கிய ‘ஸ்வீட் ஹனி இன் த ராக்’ என்னும் கறுப்பினப் பெண்கள் குழு, குரலையே முதலாக வைத்துப் பல பத்தாண்டுகள் மேடையேறியிருக்கிறது. ஆகையால் இதைத் தொழிலாகச் சொல்லத் தயங்காதீர்கள். ஒப்பந்தத்தில் ஆறு பாடகியர் என்று ஆட்கணக்கில் எழுதுங்கள். மீதித் தொகையை மேடையேறும் முன்பே வாங்கிவிடுங்கள். பாடி முடிந்தபின் பந்திக்குப் போகும் அவசரத்தில் யாரும் கணக்குப் பேச நிற்பதில்லை.