குளிர்நிலை அழுத்தமா, ஆறிய அழுத்தமா?

வணக்கம்.

டிரெய்லர் டயர்களைக் கண்காணிக்கும் கருவியின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டயர், டிரெய்லர் இரண்டையும் அப்படியே வைத்துவிட்டேன். வண்டி ஓட்டுபவர் யாருக்கும் அவற்றில் குழப்பமில்லை. சென்சாருக்கு ‘உணரி’ இருக்கிறது. ‘காற்றழுத்தம்’ என்றதும் வானிலை அறிக்கை நினைவுக்கு வருவதால் ‘டயர் அழுத்தம்’ என்று எழுதுகிறேன். சிக்கல் ‘cold pressure’ என்ற ஒரே ஒரு சொல்லில்தான்.

> வண்டி ஓடாதபோது அளக்கும் அழுத்தத்தைக் ‘குளிர்நிலை அழுத்தம்’ எனலாம்.

முந்தைய மடலில் வந்த இந்தப் பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. படிப்பவர் ‘குளிர்காலத்தில் வைக்க வேண்டிய அழுத்தம்’ என்று எடுத்துக்கொள்வார். வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்று, ஓடிய சூடு டயரைவிட்டு இறங்கிய பிறகு அளப்பதுதான் இது. கடும் கோடையிலும் அந்த அளவு உண்டு.

சூடாக இருந்த ஒன்று சூடு தணிந்தால் ‘ஆறிவிட்டது’ என்கிறோம். குளிர்வது வேறு, ஆறுவது வேறு. ஆகவே ‘ஆறிய அழுத்தம்’ என்கிறேன். ஓடும்போது திரையில் தெரிவது ‘ஓட்ட அழுத்தம்’.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. டயரில் 65 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) வைத்துக் கிளம்புகிறீர்கள் என்று கொள்வோம். ஓட ஓட டயர் சூடாகும், இந்த அளவில் ஏறத்தாழ 5.5 பாகை செல்சியசுக்கு 1.5 பிஎஸ்ஐ கூடும். வழியில் 73 என்று காட்டும். இது இயல்பு. ஆனால் இரண்டு அளவுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாத கையேட்டைப் படித்தவர் பயந்துபோய் 8 பிஎஸ்ஐ இறக்கிவிடுவார். டயர் ஆறியதும் அது ஏறத்தாழ 58க்கு வந்துவிடும். மறுநாள் காற்றுக் குறைந்த டயரோடு பாரம் இழுப்பார். பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி மடங்கிச் சூடேறும், கடைசியில் மேல்பட்டை பிய்ந்து வரும். காரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் சொல்லிவிடும்; பின்னால் வரும் டிரெய்லரில், அதுவும் இரண்டு அச்சு இருந்தால், ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. அவருக்கு இருக்கும் ஒரே துணை அந்தத் திரையில் வரும் சொற்கள்தான்.

வேகம் பற்றிய பகுதியில் ‘இழுவை வேகம்’ போதும். டயரில் அச்சிட்ட எழுத்தை மட்டும் ‘வேகக்குறி’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும்: J என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், L என்றால் 120. அது டயரின் உச்சவரம்பு. அந்த வேகத்தில் இழுக்கலாம் என்ற அனுமதி அல்ல. காற்றுக் குறைந்தால் அந்த வரம்பையும் நம்பக் கூடாது.

---

மறுமொழி:

நண்பரே, ‘குளிர்நிலை’ என்று எழுதியவன் நான்தான். தவறாகப் படிக்க இடமிருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறுவது டயர். அழுத்தம் எப்படி ஆறும்? சுருக்கலாம் என்றால் ‘ஆறழுத்தம்’ ஆகி, எண் ஆறா என்ற கேள்வி வரும். ‘ஓடுமுன் அழுத்தம்’ என்று வைத்தால் என்ன? எப்போது அளக்க வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறதே.

---

மறுமொழி:

முதல் குறை சரியானது. கையேட்டில் முதலில் வரும் இடத்தில் ‘ஆறிய டயரின் அழுத்தம்’ என்று முழுதாக எழுதுகிறேன், அப்புறம் ‘ஆறிய அழுத்தம்’. சேர்த்து எழுதவே வேண்டாம்.

‘ஓடுமுன்’ அழகான சொல். இரண்டு இடத்தில் இடிக்கிறது. நெடும்பயணத்தில் 20 நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்போது அளந்தாலும் அது ‘ஓடுமுன்’தான், டயரோ இன்னும் சூடாக இருக்கும். இன்னொன்று வெயில். இரவெல்லாம் நின்ற டிரெய்லராக இருந்தாலும், காலை வெயில் ஒரு பக்கத்தில் விழுந்தால் அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டும். ஓடவே இல்லை, ஆனால் ஆறிய டயரும் இல்லை. ‘ஆறிய’ என்று எழுதினால், தொட்டுப் பார்க்கும் எவருக்கும் இந்த இரண்டும் தானாக விளங்கும்.

உங்கள் சொல்லை நான் விடவில்லை. உணரிகளைப் பொருத்திய பிறகு, கிளம்பும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ‘ஓடுமுன் சோதனை’ என்று தலைப்பு வைக்கிறேன். அதன் முதல் வரி: ‘வெயில் படுமுன் ஆறிய அழுத்தத்தை அளந்து கருவியில் பதியவும்.’