மறு: இன்ட்ரூசிவ் மெமரிக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

இன்ட்ரூசிவ் மெமரி என்பது நாம் நினைக்காமலே திரும்பத் திரும்ப மனத்தில் வந்து நிற்கும் வேதனையான நினைவு. இதற்கு இங்கே வந்த ‘ஊடுருவும் நினைவு’ என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. சேலத்தில் மனநல ஆலோசனைக்கு வருபவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

ஊடுருவுவது என்றால் தெரியாமல் கசிந்து உள்ளே போவது. எலும்பு வரை குளிர் ஊடுருவும். இந்த நினைவு அப்படி வருவதில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மா, மலைப்பாதை விபத்தில் மகனை இழந்தவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் பிடித்துப் பிடித்துப் பேருந்து இறங்கும்போது ஒரு கருகல் வாடை வருமே, அது போதும் அவருக்கு. “நான் நெனைக்கறதே இல்லைங்க. அதுவா வந்து மேல விழுது” என்றார். சொல்லும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அறையில் எந்த வாடையும் இல்லை.

அவர் வாயிலேயே சொல் இருக்கிறது: மேல்விழும் நினைவு. கூப்பிடாமலே ‘மேலே விழுந்து’ பேசுகிறார் என்கிறோமே, அதே பொருள்தான்.

‘அதிர்ச்சி நினைவு’ போதாதா என்று கேட்டவருக்கு: போதாது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், இடம்பெற்றது. இந்த அறிகுறியை அந்த நோய்க்கே உரியதாக நினைக்கிறோம். ஆனால் கிறிஸ் புரூவின் போன்ற உளவியலாளர்கள் 1990களில் மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதைக் கண்டார்கள். ஒரு சாவு, ஒரு நோய், அவமானப்பட்ட ஒரு நாள் என்று ஏதோ ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

அப்புறம், இதற்கு ஜோடியாக இன்னொரு சொல்லும் வேண்டும்: ஓவர்ஜெனரல் மெமரி, அதாவது குறிப்பிட்ட ஒரு நாளாக இல்லாமல் பொதுவாக மட்டுமே வரும் நினைவு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும் கண்டு 1986இல் எழுதியது. ‘மகிழ்ச்சி’ என்று ஒரு சொல்லைக் கொடுத்து, ஏதாவது ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் வராது. அந்த அம்மாவும் அப்படித்தான். “பையனோட ஏரிக்குப் போவோங்க, படகு பாப்போம்” என்றார். எந்த நாள், என்ன சட்டை போட்டிருந்தான்? வரவில்லை. விபத்து நாளின் வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. இதற்குப் ‘பொத்தாம்பொது நினைவு’ என்று வைக்கலாம். பேச்சு வழக்காக இருக்கிறதே என்பீர்கள், படித்ததும் புரியும்.

வினைத்தொகையாக ‘மேல்விழு நினைவு’ என்று சுருக்கலாமா? வாய்விட்டுப் படித்தால் எனக்கு ‘மேல்விழும்’தான் சரியாகப் படுகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.